பெயர் வெட்டிய முட்டைகள்

எங்கள் வீட்டுக் கருவாச்சிக் கோழி முதன்முதலாகப் பெயர் வெட்டிய முட்டை போட்டது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருக்கும், அப்போது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், அம்மா குளித்த தண்ணீரை வெண்டைச் செடிக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள், அப்பா கட்டிலில் கிடந்தபடியே ஒரு நீள மூங்கிலால் மற்ற மூன்று கோழிகளையும் கீரைப்பாத்தியில் ஏறவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தார், தங்கச்சி மாரிக்கனிதான் முட்டைக் கூடைக்குள் கையை விட்டாள், விட்டவள், "யம்மா, இதுல என்னமோ எழுதியிருக்கு" என்றாள்.

எழுதியிருந்தது 'ம. செல்லத்தாய்' என்று. மையால் எழுதியதில்லை. பாத்திரக் கடையில் மிஷினை வைத்துக் கிர்ரென்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தாமரைப்பூ. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் பெரியம்மாவின் தூக்குச்சட்டியில் என்ன பெயர், என்ன பூ இருக்கிறதோ அதுவேதான் முட்டையிலும் இருந்தது.

அம்மா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு முட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செல்லத்தாய் அக்காவுக்கு நாம எத்தனை பாத்திரம் குடுக்கணும்?"

"ரெண்டு" என்றேன்.

"அப்ப நாளைக்கு இன்னொண்ணு வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெண்டைக்குப் போய்விட்டாள். மறுநாள் இன்னொன்று வந்தது.

பாத்திரக் கதையைச் சொல்லாமல் இது விளங்காது, ஆகவே சொல்லிவிடுகிறேன், சீக்கிரமாகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு இழுத்துச் சொல்லப் பொறுமை கிடையாது. எங்கள் அப்பா ஆவுடையப்பன் கல்யாணப் பந்தல் போடுகிறவர். தை மாதம் ஒரு பந்தலைப் பிரித்துவிட்டு பைக்கில் வரும்போது ரயில்வே கேட் பக்கம் ஒரு பால் வேன் இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. இருபத்திரண்டு நாள் பெரியாஸ்பத்திரி. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அந்த இருபத்திரண்டு நாளும், அதற்குப் பிறகு ஒரு மாதமும், எங்கள் தண்ணித்தொட்டித் தெரு எங்களுக்குச் சோறு போட்டது. செல்லத்தாய் பெரியம்மா இட்லி அனுப்பினாள், மும்தாஜ் அத்தை கறிக்குழம்பு அனுப்பினாள், மூன்றாம் வீட்டில் ரசம், கடைசி வீட்டில் சுண்டவத்தல், யார் வீட்டில் என்ன கொதித்ததோ அதில் ஒரு கரண்டி எங்களுக்கு என்று ஆகிவிட்டது. நான் அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அப்பாவுக்கு அடிபட்டதால் படிப்பு போச்சு என்று எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவப்படுகிறார்கள். பொய். கணக்கில் பதினெட்டு மார்க், எனக்கே போகப் பிடிக்கவில்லை, அப்பா கால் ஒரு சாக்கு.

சரி, பாத்திரம். எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பதார்த்தம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசி, ரெண்டு பழம், ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மாவிடம் சீனி இருந்தது. ஆனால் அம்மா கோமதி ஒரு மாதிரி ஆள். "அவ கறிக்குழம்பு ஊத்திக் குடுத்திருக்கா, நான் ரேஷன் சீனியப் போட்டு நீட்டவா? கை கூசாது?" என்றாள். நல்லதாக ஏதாவது போட்டுக் கொடுக்கலாம், அடுத்த வாரம் கொடுக்கலாம், அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு பாத்திரமாகக் கழுவிக் கவிழ்த்து, கவிழ்த்ததன் மேல் கவிழ்த்து, பின்பக்கம் கூரை இறக்கிய சாய்ப்பில் பத்தொன்பது பாத்திரம் கோபுரமாக ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதையெல்லாம் இறக்கிச் சாம்பல் போட்டுத் துலக்கி மறுபடி ஏற்றுவாள். தெருவில் பேச ஆரம்பித்தார்கள். செல்லத்தாய் பெரியம்மா தண்ணி பிடிக்கிற இடத்தில் வைத்தே கேட்டாள்: "ஏ கோமதி, பாத்திரக்கடை எப்பட்டி திறக்கப்போற? திறப்பு விழாவுக்குச் சொல்லு, நானும் வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் ஒன்றும் இல்லை.

கோழி வந்தது பாத்திரத்துக்காக இல்லை. டாக்டர் அப்பாவுக்குத் தினம் ரெண்டு முட்டை கொடுக்கச் சொன்னார், எலும்பு கூடணும் என்றார், மாமா கயத்தாற்றிலிருந்து முட்டைக்கு வந்த நாலு விடைக்கோழியும் ஒரு சேவலும் கொண்டுவந்து விட்டுப் போனார். கருவாச்சி, சீலா, நொண்டி, டீச்சர் என்று மாரிக்கனி பேர் வைத்தாள். டீச்சர் என்று வைத்தது அது நடக்கும்போது தலையை ஆட்டி ஆட்டி எல்லோரையும் தப்பு கண்டுபிடிக்கிற மாதிரி பார்க்கும் என்பதால். கோழி வந்ததும் அதன் எச்சம் வீணாகப் போகிறதே என்று அம்மா சாம்பலோடு சேர்த்து மக்கப்போட்டாள், எரு வீணாகப் போகிறதே என்று கத்தரி நட்டாள், கத்தரி முளைத்ததும் கோழிகள் எல்லாவற்றையும் கிளறித் தின்றுவிட்டன, பழைய சேலையைக் கட்டி வேலி போட்டு மறுபடி நட்டோம், மறுபடி தின்றன, மூன்றாம் தடவை அப்பா கட்டிலைப் பின்பக்கம் இழுத்துப் போடச் சொல்லிக் கையில் மூங்கிலோடு காவலுக்குப் படுத்துக்கொண்டார். கல்யாணப் பந்தல் போடாமல் சும்மா கிடந்த கம்புகளை வைத்து அவர் சொல்லச் சொல்ல நானும் அம்மாவும் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் போட்டோம். "அந்த முடிச்சு என்ன முடிச்சு? பொண்ணு மாப்பிள்ளை தலையில விழுந்திரும்" என்று அவர் கத்த, "பீர்க்கங்காய்க்கு எப்ப கல்யாணம் வச்சிருக்கு?" என்று நான் கேட்க, தைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சத்தமாகச் சிரித்தார். நாலு பேரும் அந்த ஒன்றரை சென்ட் இடத்துக்குள்ளேயே எந்நேரமும் கிடந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பெயர் வந்தது.

முதல் பாத்திரத்தில் முட்டையை வைத்து, சுற்றி நாலு கத்தரிக்காய் அடுக்கி, அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். செல்லத்தாய் பெரியம்மா முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு வெட்டினது?"

"கருவாச்சி."

"என் மாமியார் குடுத்த சட்டில இருக்க பேரு மாதிரியே இருக்கேட்டி."

"அதேதான் பெரியம்மா."

"பூவு கூட விடாம போட்டிருக்கு பாரு, அறிவுள்ள கோழி" என்று சொல்லி, அப்போதே உடைத்து வெங்காயம் போட்டுப் பொரித்து, பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். அவள் கத்தவும் இல்லை, கும்பிடவும் இல்லை. அடுத்த நாள் அவளுடைய ரெண்டாவது முட்டையோடு மும்தாஜ் அத்தையின் பெயரும், அதற்கு அடுத்த நாள் மூன்றாம் வீடு, தினம் நாலு முட்டையில் ரெண்டு பெயர் வெட்டியது, ரெண்டு வெறும் முட்டை. வெறும் முட்டை அப்பாவுக்கு. தெருவில் பால் வந்ததா, பேப்பர் வந்ததா என்று கேட்கிற மாதிரி, காலையில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யாரு பேரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தன் பேர் வந்த அன்றைக்கு ஒவ்வொரு பெண்ணும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

ஒருத்தர் பேர் வெட்டிய முட்டை இன்னொருத்தர் வீட்டில் வேகாது என்பதைக் கண்டுபிடித்தது மாரிக்கனி. மும்தாஜ் அத்தையின் முட்டையைத் திருடிப் போய் அடுப்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்தாள். எடுத்துக் குலுக்கினால் உள்ளே பச்சையாகவே குளுகுளு என்றது. கல்லில் தட்டினாள், உடையவில்லை. அதையே கொண்டுபோய் மும்தாஜ் அத்தையிடம் கொடுத்தோம், அங்கே ஏழு நிமிஷத்தில் வெந்தது. அத்தை அதை நாலாகக் கீறி மிளகுத்தூள் தூவி மாரிக்கனிக்கே ஒரு துண்டு கொடுத்து, "திருட்டுக் கழுதை, கேட்டா குடுக்க மாட்டேனா?" என்றாள். கொடுத்தால் தின்னலாம், எடுத்தால் முடியாது. சட்டம் அவ்வளவுதான்.

பிறகு காய்களிலும் வந்தது. கத்தரிக்காயில் காம்புக்குக் கீழே, பீர்க்கங்காயில் வரம்பு ஓரமாக, சுரைக்காயில் நடு வயிற்றில் பட்டையாக. பாத்திரம் கொடுக்காதவர்கள் பெயரும் வந்தது. ஒரு சுரைக்காயில் 'இசக்கிராஜா' என்றிருந்தது. யாரென்றே தெரியவில்லை. தெருத்தெருவாக விசாரித்துக் கடைசியில் ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டால், அன்றைக்கு அப்பாவை ரோட்டிலிருந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர் அவர்தான். சுரைக்காயை வாங்கி ஆட்டோவில் முன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து மூன்று நாள் சவாரி போனார், ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினார், நாலாம் நாள்தான் குழம்பு வைத்தார்கள்.

வெண்டைக்காயில் கணபதி சார் பெயர் வந்தது. எனக்குக் கணக்கு எடுத்தவர். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து அப்பாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், எனக்கு அது வெண்டைக்காய் வந்துதான் தெரியும். நான் போகமாட்டேன் என்றேன், அம்மா போ என்றாள், போனேன். சார் வெண்டைக்காயை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினெட்டு" என்றார்.

"சார், நான் எண்ணிப் போடல."

"அது தெரியும். உனக்குத்தான் எண்ண வராதே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் பார்த்து, "தேவகி, உலகம்மாள் வந்திருக்கா, காப்பி போடு" என்றார். என் முழுப்பெயரைச் சொன்னார். வகுப்பில் ஒருநாளும் அடுத்த வரியில் திட்டாமல் அதைச் சொன்னதில்லை.

எல்லாம் இவ்வளவு அழகாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் பேர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சிலர் புதிதாகப் பாயசமும் கேசரியும் அனுப்பினார்கள், ஆவணி முழுக்க நாங்கள் தித்திப்பு தின்றே வயிறு கெட்டோம், ஒரு பேரும் வரவில்லை. கவுன்சிலரின் ஆள் ஒருத்தர் வெள்ளைச் சட்டையில் வந்து, "பூசணிக்காயில அண்ணன் பேரு வர மாதிரி ஏதாச்சும் ஏற்பாடு இருக்கா?" என்றார். "அண்ணன் என்ன குடுத்தாரு?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வரணும்னு நெனச்சாரு" என்றார். "அப்ப பூசணிக்காயும் காய்க்கணும்னு நெனச்சிக்கிட்டிருக்கு" என்றேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் மெதுவாகத்தான் வைத்தாள்.

ஒவ்வொரு பாத்திரமாகக் கோபுரம் இறங்கியது. ஒவ்வொன்று போகும்போதும் அம்மாவின் கழுத்து ஒரு இஞ்ச் நிமிர்ந்தது. தண்ணி பிடிக்கிற இடத்தில் அவள் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, பந்தல் கம்பைப் பிடித்து நின்று, பிறகு ஊன்றுகோலோடு வாசல்வரை, பிறகு செல்லத்தாய் பெரியம்மா வீடுவரை நடந்தார். புரட்டாசி பிறந்தபோது சாய்ப்பில் ஒரே ஒரு பாத்திரம்தான் மிச்சம் இருந்தது, ஒரு பெரிய தூக்கு. அதில் 'எஸ்தர்' என்று வெட்டியிருந்தது.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு அந்தத் தூக்கு எங்கள் கேட்டுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் மாட்டியது என்று தெரியவில்லை. உள்ளே ஆட்டுக்கால் சூப், மிளகு வாசம் தெரு முனைவரைக்கும் அடித்தது. மூன்று வாரமாக எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறது என்று திருப்பிக்கொண்டிருந்த அப்பா அதை ஒரு டம்ளர் குடித்தார், இன்னொரு டம்ளர் கேட்டார், அம்மா ஓரமாகப் போய் நின்று அழுதாள். மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்துக் கொடுத்தோம். யாரோ சர்ச்சு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

புரட்டாசி இரண்டாம் நாள் நாலு கோழியும் ஒரே பேரை வெட்டின: எஸ்தர். மறுநாளும் நாலும் எஸ்தர். வெறும் முட்டை ஒன்றுகூட இல்லை. கத்தரியில் எஸ்தர், அவரையில் எஸ்தர், தண்டங்கீரையில் ஒவ்வொரு இலையிலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற மாதிரி பொடிப்பொடியாக எஸ்தர். எங்கள் வீட்டில் எதுவும் வேகவில்லை. கீரையை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அது தண்ணீரில் குளித்துவிட்டு வந்த மாதிரி பச்சென்று நின்றது. அப்பாவுக்கு முட்டை நின்றுபோனது. நடந்துகொண்டிருந்தவர் காலில் மறுபடி குடைச்சல் எடுத்துத் திண்டாடினார். கடையில் முட்டை வாங்கிவந்தோம், வீட்டு வாசலைத் தாண்டியதும் அதிலும் புள்ளி புள்ளியாக எழுத்து ஏறியது.

தெரு முழுக்க எஸ்தரைத் தேடியது. ஒரு எஸ்தர் ஆஸ்பத்திரி நர்ஸ், அவள் சூப் வைத்ததே இல்லை. ஒரு எஸ்தர் எல்கேஜி படிக்கிறது. ஆறாம் நாள், இருபத்து நாலு முட்டை சேர்ந்திருந்தபோது, செல்லத்தாய் பெரியம்மா பின்பக்கம் வந்து பீர்க்கம்பந்தலுக்குக் கீழே குத்தவைத்தாள்.

"நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன், கோமதி."

"என்ன?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஞானதுரை பொண்டாட்டி பேரு எஸ்தரு."

ஞானதுரைதான் பால் வேன் ஓட்டி வந்தவன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தையிலிருந்து தினம் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் கண்ணை மூடி அந்த ஞானதுரையைச் சபிப்பாள். கை விளங்காமப் போவான், குடும்பம் தழைக்காது, வேன் சாவியத் தொட்டா விரலு கருகும் என்று ஒரு பாட்டு மாதிரி வரிசையாகச் சொல்வாள், நானும் மாரிக்கனியும் பக்கத்தில் நின்று கூடவே சொல்வோம், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே செய்யுள் அதுதான். அந்தச் சூப்பை மூன்று நாள் குடித்த மூன்று சாயங்காலமும் சொன்னோம்.

அம்மா எழுந்தாள். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துச் சுவரில் எறிந்தாள். முட்டை உடையவில்லை, சுவரில்தான் ஒரு துண்டுக் காரை பெயர்ந்து விழுந்தது, முட்டை உருண்டு அவள் காலடிக்கே வந்தது. மறுபடி எறிந்தாள். மறுபடி வந்தது. கோழிகள் வேடிக்கை பார்த்தன.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நாலையும் அறுத்துக் குழம்பு வைக்கேன்" என்றாள். "செடியெல்லாம் பிடுங்கிப் போடுதேன். எவன் காலை ஒடிச்சானோ அவன் வீட்டுக்கு நான் கூடை சுமக்கணுமோ?"

மாரிக்கனி டீச்சரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். செல்லத்தாய் பெரியம்மா எழுந்து போய்விட்டாள். நான் அம்மா பக்கம்தான் இருந்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்கும் ஞானதுரையைப் பிடிக்காது. ஆனால் கோழியை அறுத்தால் பாத்திரம் மட்டும் எங்கே போகும், அது சாய்ப்பில்தானே இருக்கும் என்று தோன்றியது. அதைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அரிவாள்மனையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, ஊன்றுகோலை எடுத்தார்.

"எங்க கிளம்பியாச்சு?"

"கேட்டுக்கு அந்தப் பக்கம்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு கிலோமீட்டரு."

"அந்தச் சூப்பைக் குடிச்சது நான், கோமதி" என்றார் அப்பா. "நீ வர வேண்டாம். உன் கோவம் உனக்கு. ஆனா என் தொண்டைக்குள்ள முதமுதல்ல இறங்கினது அந்தம்மா கொதிக்கவச்ச தண்ணி. நான் அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன். வந்து கோழியை அறு, நானே மயிரு பிடுங்கித் தாரேன்."

தூக்குக்குள் கொஞ்சம் முட்டையை வைத்து மூடி எடுத்தார். இன்னொரு கையில் ஊன்றுகோல். கூடையை எடுக்க மூன்றாவது கை இல்லை. கூடையைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், நின்றார். நான் கூடையைத் தூக்கினேன், மாரிக்கனி கத்தரிக்காய்ப் பையைத் தூக்கினாள், மூன்று பேரும் வாசலைத் தாண்டினோம். நாலு வீடு போயிருப்போம். பின்னால் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கிற சத்தம் கேட்டது, பிறகு கதவு பூட்டுகிற சத்தம், பிறகு அம்மா எங்களைத் தாண்டி முன்னால் போய், அப்பா கையிலிருந்த தூக்கைப் பிடுங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. செல்லத்தாய் பெரியம்மா வந்தாள், மும்தாஜ் அத்தை தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள், கணபதி சார் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார், பத்தடி தள்ளி தெருவே சப்பரம் போகிற மாதிரி எங்கள் பின்னால் வந்தது. இசக்கிராஜா ஆட்டோவை உருட்டிக்கொண்டே வந்து, "ஏறிக்கோங்க அண்ணாச்சி" என்றார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாத கூட்ஸ் வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி என்று சார் எண்ணிச் சொன்னார். அப்பாவுக்கு அடிபட்ட இடம் அதுதான். அப்பா ரோட்டைப் பார்க்கவில்லை, ரயிலையே பார்த்தார், சட்டை முழுக்க வேர்த்திருந்தது. அம்மா தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேட் திறந்தது.

எஸ்தர் வீடு ஓட்டு வீடு. வாசலில் அந்த வேன் நின்றது. தையிலிருந்து யாரும் எடுக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது, நாலு டயரும் தரையோடு அமுங்கி, கண்ணாடியில் தூசி ஏறி, சக்கரத்துக்கு அடியில் புல் முளைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே ஒரு ஆள் பின்கதவுப் பக்கம் எழுந்து போனது தெரிந்தது. எஸ்தர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், கையில் சாம்பலோடு எழுந்து நின்றாள். அம்மாவைவிடச் சின்னவள். ரொம்ப ஒல்லி.

அம்மா தூக்கை நீட்டினாள்.

"உன் தூக்கு."

"அதைத் திருப்பி வாங்கணும்னு குடுக்கலக்கா" என்றாள் எஸ்தர்.

"எங்க வீட்டுல வச்சிக்கிட்டு இருக்கிற பழக்கம் இல்ல. வெறுமனே குடுக்கிற பழக்கமும் இல்ல."

எஸ்தர் பிடியைப் பிடித்தாள். அம்மா விடவில்லை. விடமாட்டேன் என்றில்லை, விட மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எஸ்தர் இன்னொரு கையால் மூடியைத் திறந்தாள், உள்ளே எட்டு முட்டை, எட்டிலும் அவள் பெயர். நான் கூடையைக் கீழே வைத்தேன். அதில் மிச்சம் இருபது. அவள் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் எழுத்தைத் தடவினாள்.

"என்னக்கா இது?"

"கோழி போட்டது. நான் போடச் சொல்லல" என்றாள் அம்மா. "எங்க வீட்டுல வேக மாட்டேங்குது. உன் அடுப்புல போட்டுப் பாரு."

எஸ்தர் அடுப்பு வாசலிலேயே இருந்தது. தண்ணீர் ஊற்றி, கூடையில் இருந்தது, தூக்கில் இருந்தது எல்லாவற்றையும் போட்டாள். தெரு ஆட்கள் முற்றத்துக்குள் வந்து நின்றார்கள், தண்ணீர் கொதித்து முட்டையோடு முட்டை மோதுகிற டக்டக் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து எஸ்தர் அப்பாவுக்குப் போட்டாள். "காலு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். "நடந்துதாம்மா வந்தேன்" என்றார் அப்பா. "பாத்தியா, நடந்தே வந்துட்டேன்."

வெந்தது. எஸ்தர் சூடு பறக்கிற முட்டையைக் கையில் மாற்றி மாற்றி உரித்து முதல் முட்டையை அப்பாவிடம் கொடுத்தாள், ரெண்டாவதை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள். அவள் எஸ்தரைப் பார்க்கவில்லை, எஸ்தர் தோளுக்கு மேலே வீட்டுக்குள், இருட்டில் பின்கதவு ஓரமாக நின்றவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சாபம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், வாய்க்குள் முதல் வரியை நானும் எடுத்துவைத்துக்கொண்டேன்.

"ஏ ஞானதுரை" என்றாள் அம்மா. "உப்பு இல்லாம எப்படி முட்டை திங்கது? உப்பை எடுத்துட்டு வெளிய வா."

 உள்ளே டப்பா உருளும் சத்தம் கேட்டது. அவன் வந்தான். தாடி வளர்த்திருந்தான், சட்டை போடவில்லை, நான் இத்தனை மாதம் நினைத்துவைத்திருந்த ஆளைவிட ரொம்பச் சின்ன ஆள். உப்பு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அம்மா உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் கொடுக்காமல் நின்றான்.

"கையில உப்பு குடுத்தா சண்டை வரும்பாங்கக்கா" என்றான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், உப்பைக் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"வந்த சண்டை போதாதா, இனிமே என்னத்தப் புதுசா வரப்போகுது" என்றாள் அம்மா. "குடுடா."

அவன் ஒரு கல்லு உப்பை எடுத்து அம்மாவின் கையில் வைத்தான்.